கரையைக் கடந்த பிறகு வந்த புயல்

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்பதற்காக எங்கள் தமிழ்ச் சபை முழுவதும் எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னோம். நானும் இரண்டு பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, கண்ணை மூடி, மனதார நன்றி சொன்னேன். அந்த நேரத்தில் என் கணவர் இருந்த போட் அதே புயலுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. இன்றைக்கும் அந்த ஆராதனையை என்னால் நிம்மதியாக நினைக்க முடியவில்லை. நன்றி சொன்னதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. அவசரப்பட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

என் பெயர் லில்லி. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு திருவனந்தபுரம் கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். நான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். என் கணவர் தங்கராஜ் டீசல் எஞ்சின் மெக்கானிக். கரமனையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாரி எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவரை, கொல்லத்துக்கு அடுத்த நீண்டகரையில் மீன்பிடி போட் வைத்திருந்த ஒரு முதலாளி வந்து, எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் வீட்டில் என்று வாழ்க்கை ஓடியது.

கடல் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம் இல்லாதது. எங்கள் ஆட்கள் பனை ஏறியவர்கள், மரச்சீனிக் கிழங்கு நட்டவர்கள். வானத்தைப் பார்த்து நாளைக்குக் காற்று வரும், வராது என்று சொல்லும் வித்தை எங்களில் யாருக்கும் தெரியாது. ரேடியோ சொன்னால்தான் உண்டு.

அந்த போட்டில் ஆறு பேர். ஆறு பேரும் தமிழ் ஆட்கள். அவர்களில் ஒருவன் சாமுவேல், எங்கள் சபையைச் சேர்ந்த ஞானம்மாள் அக்காவின் ஒரே மகன். அக்கா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் வற்றல் மிளகாயைத் தரம் பிரிக்கிற வேலை செய்தார். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சாமுவேலுக்கு நல்ல உயரம், நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்பான். அவனை அந்த போட்டில் சேர்த்துவிட்டது என் கணவர்தான்.

திருவனந்தபுரத்தில் இருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கடையில் மலையாளம் பேசுவோம், பஸ்ஸில் மலையாளம் பேசுவோம், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படிப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகினால் முள் திருநெல்வேலியில்தான் போய் நிற்கும். தமிழில் கேட்டால்தான் செய்தி கேட்ட மாதிரி இருக்கும். போட்டில் இருந்த டிரான்சிஸ்டரிலும் அதேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்கத் தமிழ்ச் செய்தியில் வங்காள விரிகுடாப் புயல்தான். முதலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள், பிறகு புயலாக மாறியது என்றார்கள். தூத்துக்குடியில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். நீண்டகரையிலும் போட்டுகளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். என் கணவர் அங்கேயே போட்டில் தங்கியிருந்தார். கரையில்தானே இருக்கிறார் என்று எனக்கு நிம்மதி. சனிக்கிழமை சாயங்காலம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக் கேட்டேன். புயல் தென் தமிழகத்தில் கரையைக் கடந்துவிட்டது, வலு குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். கைத்தட்டாத குறைதான். அத்தோடு ரேடியோவை நிறுத்திவிட்டு அரிசி களையப் போனேன். அதற்குப் பிறகு அந்தச் செய்தியில் மேற்குக் கடலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. போட்டில் இருந்த ஆறு பேரும் அதே இடத்தில்தான் ரேடியோவை நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, 'கரையைக் கடந்தது' என்றால் முடிந்தது என்று அர்த்தம். காலங்காலமாகக் கிழக்குக் கடலைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. விடியும்போது அவர்கள் போட்டை அவிழ்த்தார்கள். துறையில் வேறு ஒரு போட்டும் கிளம்பவில்லை. அது ஏன் என்று ஆறு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. நீண்டகரைக் கடல்காரர்கள் கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால்தான் நிற்கிறார்கள் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். மலையாள ரேடியோவில் யாரும் கடலில் இறங்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நிற்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. எத்தனை போட் துறையில் நின்றதோ அத்தனையும் எச்சரிக்கைதான். கண்முன்னால் இருந்தும் படிக்கத் தெரியவில்லை.

நாங்கள் சபைக் கோவிலில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. மழைக்காலத்தில்கூடப் பார்க்காத ஒரு மஞ்சள் வெளிச்சம் தெருவில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி துணி எடுக்க வந்தவள் என்னிடம், "லில்லீ, தங்கராஜ் கடலில் போயிட்டில்லல்லோ?" என்று கேட்டாள். இல்லை சேச்சி, போகவில்லை, போனாலும் பயமில்லை, புயல்தான் கரை கடந்துவிட்டதே என்றேன். அவள் முகம் மாறியது. "அதல்ல மோளே. அது இப்போ நம்மளுடெ கடலில் இறங்ஙியிரிக்குந்நு. ரேடியோவில் பறஞ்ஞு" என்றாள். புயல் எங்கள் மேற்குக் கடலில் இறங்கிவிட்டதாக மலையாள ரேடியோவில் சொன்னார்களாம்.

அன்று ராத்திரி பெய்த மழையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஓடு பறந்தது, தென்னை விழுந்தது, எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். என் கணவர் கரையில் இருக்கிறார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் முதலாளி நனைந்துகொண்டே வந்தார். கொல்லத்திலிருந்து டிரங்க் கால் வந்ததாம். போட் ஞாயிறு விடியலில் போயிருக்கிறது, திரும்பவில்லை. அவர் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குடையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நேற்று எதற்கு ஆண்டவரே எங்களிடம் நன்றி வாங்கிக்கொண்டீர் என்று வாய்விட்டே கேட்டேன்.

ஞானம்மாள் அக்காவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா மிளகாய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் பஸ் பிடித்து வலியதுறைக்குப் போனோம். அங்கே கடற்பாலத்துக்குப் பக்கத்தில் துறைமுக ஆபீஸ் இருந்தது. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரியாமல்தான் போனோம்.

ஆபீஸ் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டாகக் கறுப்பில் கூம்பும் உருளையும் தொங்கின. அலை பாலத்தின் மேல் ஏறி விழுந்தது. அங்கிருந்த மலையாளி ஆபீசர் எங்களை உட்காரவைத்தார். நல்ல மனிதர். போட்டைப் பற்றி அவரிடம் செய்தி ஒன்றும் இல்லை, கப்பல்களுக்கு வயர்லெஸ் கொடுத்திருக்கிறார்கள் என்றார். சின்ன நம்பர் கூண்டுதானே ஏற்றியிருக்கிறார்கள், அப்படியென்றால் சின்னப் புயல்தானே என்று நான் ஆசையோடு கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நம்பர் காற்றின் பலத்தைச் சொல்வதில்லை, இந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்றுதான் சொல்லும், தூரக்கடலில் எவ்வளவு பெரிய புயல் இருந்தாலும் இங்கே கூண்டு சின்னதாக இருக்கலாம் என்று விளக்கினார். புயல் கரை கடந்துவிட்டது என்றுதானே ரேடியோவில் சொன்னார்கள் என்று அக்கா கேட்டார். அதற்கு அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, கரை கடந்நால் தீர்ந்நில்ல. இப்புறத்தும் கடல் உண்டல்லோ."

பிறகு பொறுமையாகச் சொன்னார். புயலுக்குத் தீனி சூடான கடல்தண்ணீர். தரையில் ஏறினால் தீனி கிடைக்காமல் தளர்ந்துபோகும். ஆனால் தெற்கே நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. கிழக்கே ஏறியது ஒரு நாளுக்குள் அந்த ஒடுங்கின நிலத்தைத் தாண்டி மேற்கே அரபிக்கடலில் இறங்கினால் மறுபடியும் தீனி கிடைத்துவிடும், மறுபடியும் பலம் பிடிக்கும். எல்லாப் புயலும் அப்படிச் செய்யாது, இது செய்தது. எனக்கு எல்லாம் புரிந்தது. அக்காவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். மத்தியானத்துக்கு மேல், பாய் விரித்து அக்காவும் நானும் முழங்காலில் நின்றோம். பிள்ளைகளை ஓமனா சேச்சி கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. சிறுவயது முதல் ஜெபிக்கிறவள் நான், பெண்கள் கூட்டத்தில் நீளமாக ஜெபிப்பதற்கே பேர் வாங்கினவள். அன்றைக்கு 'பிதாவே' என்ற ஒரு சொல் கூட நாக்கில் ஏறவில்லை. நெஞ்சு கட்டை போல் கிடந்தது. ஆறுதல் இல்லை, விசுவாசமும் இல்லை. மழை மட்டும் இருந்தது.

அப்போது ஞானம்மாள் அக்கா ஜெபித்தார். அவர் சபையில் ஒருநாளும் சத்தமாக ஜெபித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்று கூச்சம். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான். "ஆண்டவரே, கப்பல் வேண்டாம், வள்ளம் வேண்டாம். ரெண்டு பேருக்கும் பிடிச்சுக் கெடக்க எதையெங்கிலும் ஒண்ணு குடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் அடைத்துப்போகும் வரைக்கும் சொன்னார். நான் ஆமென் என்றுகூடச் சொன்னேனோ என்னவோ, தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சபையார் வந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். அதெல்லாம் மறக்க மாட்டேன். ஆனால் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், ஓய்வுநாளில் தொழிலுக்குப் போனால் இப்படித்தான் ஆகும் என்று வாசலில் நின்று சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் சத்தம் வந்ததோ. "வெளியே போங்க. கர்த்தருக்கு உங்க அளவுக்குக் கெட்ட மனசு கெடயாது" என்றேன். அதுவரை நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசினவள் இல்லை.

அன்று சாயங்காலம் மழை விட்ட பிறகு ஒர்க்‌ஷாப் முதலாளி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஓடி வந்தார். தங்கராஜ் உயிரோடு இருக்கிறார், ஆலப்புழையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெருவிலிருந்தே கத்தினார். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். முதலாளி அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். சாமுவேலைப் பற்றிச் செய்தி இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை நான் எங்கே வைப்பேன்? அக்காவின் கை இன்னும் என் கைக்குள் இருந்தது.

அக்காவும் என்னோடு ஆலப்புழைக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வழியெல்லாம் விழுந்த மரங்கள். பஸ் நின்று நின்று போனது. அக்கா ஜன்னல் வழியே ஒவ்வொரு ஊரிலும் நிற்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் கணவர் கட்டிலில் கிடந்தார். முகம் உப்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்தார், பின்னால் வந்த அக்காவைப் பார்த்தார், போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதைவிட வேறு பதில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அக்கா கட்டிலின் கால்மாட்டில், வெறும் தரையில், மெதுவாக உட்கார்ந்தார். ஆறு பேரில் நான்கு பேர்தான் பிழைத்திருந்தார்கள்.

போர்வைக்குள்ளிருந்தே அவர் பேசினார். ஞாயிறு சாயங்காலம் கடல் வீங்கியது. தண்ணீர் புகுந்து எஞ்சின் நின்றுவிட்டது. அவரும் சாமுவேலும் ராத்திரி முழுக்கப் பம்பு அடித்தார்கள். திங்கட்கிழமை போட் கவிழ்ந்தது. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினார்கள். நீந்தத் தெரியாத இவரைச் சாமுவேல் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். இனி ஆகாது என்று கைவிடப்போகிற நேரத்தில், மத்தியானத்துக்கு மேல், ஒரு காலி டீசல் டிரம் அலையில் உருண்டு வந்து இவர் தோளில் இடித்ததாம். "எங்க போட்டுல அப்பிடி ஒரு டிரம்மே கெடயாது" என்று சொன்னார். இரண்டு பேரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். செவ்வாய் விடியலில் ஆலப்புழைக்குத் தெற்கே கரையில் நின்றவர்கள் வள்ளம் இறக்கி இவரைத் தூக்கினபோது டிரம்மில் இவர் மட்டும்தான் இருந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டுப் பாயில் என்ன நடந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா எழுந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்க மவனும் அதைப் பிடிச்சானா?"

"பிடிச்சான் அக்கா. எனக்கு முன்ன அவன்தான் பிடிச்சான். அவன்தான் என்னைய இழுத்து அதுல போட்டான். விடியதுக்கு முன்ன கை மரத்துப் போச்சுண்ணு சொன்னான். சட்டையப் பிடிச்சிருந்தேன் அக்கா. கிழிஞ்சு வந்துட்டு."

"அப்பம், அவனுக்கும் அது கெடச்சுது" என்றார் அக்கா. வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடுவதற்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் கணவர் கடலுக்குப் போகவில்லை. பழைய ஒர்க்‌ஷாப்பிலேயே சேர்ந்துவிட்டார். வெகுநாள் தூக்கத்தில் கையை இறுக்கி மூடிக்கொள்வார், பிரித்துவிட முடியாது. நான் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் இரண்டு ஸ்டேஷன் செய்தியும் முழுதாகக் கேட்கிறோம், கடைசி வரி வரைக்கும். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று சொல்வேன். புதன்கிழமை சாலைச் சந்தைப் பக்கம் தமிழ்க் கூலியாட்கள் தங்குகிற கொட்டகைக்குப் போய், கடல் வேலைக்குப் போகிறவர்களிடம் சொல்வேன். வங்காள விரிகுடாவில் ஏதாவது உருவானால், கரை கடந்தது என்று கேட்டதும் கிளம்பாதீர்கள், மேற்கே என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், மற்ற போட்டுகள் நின்றால் ஏன் என்று ஒருவரிடமாவது விசாரியுங்கள் என்பேன். சில பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், கரையில் நின்றுதானே சிரிக்கிறார்கள்.

ஆனால் சபையில் எழுந்து, கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல் என்று எங்கள் போதகர் ஐயர் பலமுறை கேட்டும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? என் கணவரைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று நான் சொல்லும்போது ஞானம்மாள் அக்கா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே. அவர் பிள்ளையை ஏன் காப்பாற்றவில்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

போன வருடம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பெண்களெல்லாம் கோவில் பின்கட்டில் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். அக்கா என் பக்கத்தில் இருந்தார். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, "நீ ஏன் பிள்ள சாட்சி சொல்லமாட்டேங்கிய?" என்று கேட்டார்.

"உங்க முன்னால எப்பிடி அக்கா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க முன்னாலதான் சொல்லணும். அண்ணைக்கு ஜெபம் பண்ணினது நானாக்கும். கர்த்தரு அதைக் கேட்டாரா இல்லியாண்ணு ஊருக்குத் தெரியாண்டாமா?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை அதை என் கணவருக்கு வந்த பதில் என்றே எண்ணியிருந்தேன். கேட்டது அக்கா. இரண்டு பேருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று கேட்டார், இரண்டு பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. மகன் கடலில் தனியாகக் கிடந்து சாகவில்லை என்பதை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் இத்தனை வருடமும் எழுந்து நடமாடியிருக்கிறார். அது தன்னுடைய சாட்சி என்று அவருக்குத் தெரியும். சபையில் எழுந்து பேச மட்டும் அவருக்குக் கூச்சம்.

அதனால் பண்டிகை ஞாயிறன்று நான் எழுந்தேன். இங்கே எழுதியிருப்பதையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னேன். பாரம் தாங்காமல் இதைக் கேட்கிறவர்கள் இருந்தால், உங்களுக்கு ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் பயப்பட வேண்டாம், கர்த்தரை நம்பி இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் ஜெபிப்பார், கர்த்தர் கேட்பார் என்றேன். எல்லாவற்றையும் தருவாரா என்று எனக்குத் தெரியாது, கேட்காமல் இருக்கமாட்டார், அது மட்டும் எனக்குத் தெரியும் என்றேன். அவ்வளவு சொல்லி உட்கார்ந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஞானம்மாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக 'ஆமென்' என்றார்.